நில்லு என்ற சொல்

மரிய அருணுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் சகாய பிரியா அவன் கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, காதோரம் "நில்லு" என்பாள். விழுப்புரத்து டாக்டர் சொன்னதிலிருந்து வந்த பழக்கம் அது. "நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோறதுக்கு மூளையில ரசாயனம் இருக்கும்மா. ஒண்ணு ஓடுன்னு தூண்டும், இன்னொண்ணு நில்லுன்னு அடக்கும். உங்க வீட்டுக்காரருக்கு அடக்குறது பத்தல. மாத்திரை அதுக்குத்தான்."

மாத்திரையையும் மீறி ஒரு விடியற்காலையில் வந்த வலிப்பில் அவன் இறந்துபோனான். மதியம் திண்டிவனம் வீட்டில் சவப்பெட்டியை மூடப்போகும்போது அவனுடைய கட்டைவிரல் துடித்தது.

"அண்ணி, உசுரு கீது!" அவன் தங்கை கிளாரா, வலிப்பு வந்தவர்களுக்குச் செய்வதுபோல், சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தாள்.

காலையில் வந்து சாவை உறுதிசெய்த பக்கத்துத் தெரு டாக்டர் மறுபடியும் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "உயிர் போயி ரொம்ப நேரமாச்சும்மா." விரல் துடித்துக்கொண்டே இருந்தது.

"துடிக்கிறவன எப்படிடா புதைக்கிறது? நான் தூக்க மாட்டேம்பா," என்று, பெட்டி தூக்க நின்ற விருத்தாசலம் மாமா பின்வாங்கினார்.

"நீ சொன்னா அண்ணன் கேக்கும். சொல்லேன் அண்ணி," என்று கிளாரா அழுதாள்.

பிரியா குனிந்து விரலைப் பிடித்து, "நில்லு" என்றாள்.

நின்றது. கிளாராவின் அழுகையும் நின்றது. சாவுக்கு அடித்துக்கொண்டிருந்த மாதா கோயில் மணி பாதியில் நின்றது. கிளாராவின் இடுப்பில் வீறிட்டுக்கொண்டிருந்த பிரியாவின் குழந்தை, வாய் திறந்தபடி மூச்சில்லாமல் நின்றது. அதன் கன்னத்தில் இறங்கிய கண்ணீர் அதற்கு மேல் வழியவில்லை.

இன்னொரு சொல்லும் பிரியாவுக்குத் தெரியும். குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஓடு" என்றாள்.

அருணின் கட்டைவிரல் மட்டும் துடித்தது.