துலக்காத பித்தளை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் செத்த சிப்பாய்களின் பெல்ட் பக்கிள்கள், தணிகாசலம் விலைக்கு வாங்கிச் சேர்த்த பித்தளை வில்லைகள், அவருடைய கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருந்தன. எதையும் அவர் துலக்கியதில்லை. மண்ணுக்குள் கிடந்து ஏறிய கறுப்பு போய்விட்டால் அப்புறம் அது வெறும் பித்தளை என்பார். ஒரு பொங்கலுக்கு மனைவி வேதவல்லி, குத்துவிளக்கோடு சேர்த்து ஒரு வில்லையையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டாள். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

இன்று காவல் நிலையத்தில் ஏட்டு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். லாரி மோதி இறந்த மகனின் பெல்ட் அதில் இருந்தது.

"பக்கிள்ல ரத்தமா இருந்துச்சு சார். அம்மா பாத்தா தாங்க மாட்டாங்கன்னு நாந்தான் துடைச்சு வெச்சேன்."

"துடைச்சிருக்கக் கூடாதுங்க" என்றார் தணிகாசலம், வில்லை விற்க வந்தவரிடம் சொல்வதுபோல. பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த வேதவல்லி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் பக்கிளை ஓரத்தில் மட்டும் பிடித்து, வழக்கம்போலத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். ஊசி சேரும் இடுக்கில் கறுப்பாக ஒரு கோடு மிச்சமிருந்தது.

"அடடா, அதைக் கவனிக்கலையே. குடுங்க சார், துடைச்சுத் தரேன்" என்று ஏட்டு கை நீட்டினார்.

வேதவல்லி கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்காதீங்க" என்றாள்.