சைவ எண்ணெய்

சோபாவில் சாரநாதன், எதிரே நாற்காலியில் மனைவி கல்பகம், வாசலோரம் மோடாவில் அடுத்த ஃபிளாட் ஜொவிட்டா, மேஜைக்கடியில் நாய் கோண்டு.

"அரிப்பு நிக்கலேன்னா கோண்டுவை யார்கிட்டயாவது குடுத்துடுவேன்னு சொன்னேனோல்லியோ? லெட்டர் எழுதியாச்சு" என்றார் சாரநாதன்.

கல்பகம் பதறி எழுந்தாள். "இப்போதான் சொறியறதே இல்லையேன்னா!"

"அதான் ஆளிவிதை எண்ணெய்க் கம்பெனிக்குப் பாராட்டு எழுதியிருக்கேன். டாக்டர் மீன் எண்ணெய்னார். நம்மாத்துல நடக்குமா? சைவமே ஜெயிச்சுடுத்து!"

கல்பகம் ஜொவிட்டாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். ஆளிவிதை எண்ணெயை முதல் நாளே முகர்ந்துவிட்டு ஓடிய கோண்டு, தினமும் ஜொவிட்டா வீட்டில்தான் மீன் எண்ணெய் நக்கிக்கொண்டிருந்தது.

சாரநாதன் உறையை ஒட்டி, "கடைக்குப் போறச்சே போஸ்ட் பண்ணிடறேளா?" என்று ஜொவிட்டாவிடமே நீட்டினார்.

"கண்டிப்பா சார்!"

தெருமுனைத் தபால் பெட்டியில் கடிதம் விழும்வரை கோண்டுவும் வாலாட்டிக்கொண்டு கூடவே போயிற்று.