சுவரில் தொங்கிய இலக்கம்

“என்ட பூட்டன் வெள்ளைக்காரன்ட பட்டாளத்தில இருந்தவர். மறியலில கிடந்தவன்ட பரம்பரைக்கு என்ட மகள் லைலாவைக் கொடுப்பேனா?” என்றார் வயல்காரர் உசனார் போடியார். சுவரில், பட்டாளத் தகடென்று அவர் மாட்டிவைத்த பூட்டனின் பித்தளைத் தகடு மினுங்கியது: 214.

மகளுக்குச் சாய்ந்தமருதிலிருந்து வந்த சம்பந்தத்தை முறிக்க, சான்று கேட்டுக் கொழும்புச் சிறைத் திணைக்களத்துக்கு எழுதியிருந்தார். வந்த இங்கிலீசுக் கடிதத்தைக் கிளாக்கர் செபரட்ணம் படித்தார்.

“மாப்பிள்ளைட பூட்டன் பதினெட்டு வருசம் மறியலில இருந்தது உண்மைதான், போடியார்.”

“நான் சொல்லல்லியா!”

“காவல்காரனா இருந்திருக்கார்.”

போடியாரின் முகம் சுருங்கியது.

“அவர் காவல் காத்த கைதிகள்ட பட்டியலும் இருக்கு. ஒவ்வொருத்தன்ட கழுத்திலயும் இலக்கம் போட்ட பித்தளைத் தகடாம்.” செபரட்ணம் சுவரைப் பார்த்தார். “இருநூற்றுப் பதினாலு, மாட்டுக் களவு.”

போடியார் எழுந்து தகட்டைக் கழற்றிச் சாரன் மடியில் செருகினார்.

“அப்ப ரெண்டு குடும்பமும் பழைய பழக்கம்தானே,” என்றார். “நிக்காஹ்வுக்கு நாள் குறிப்பம்.”