ஒரே பெட்டி, இரண்டு பதிப்பு

கோதண்டத்தின் கண்ணும் அவர் மனைவி சுலோச்சனாவின் காதும் செயற்கைக் கருவிகள். வீட்டுக் கணினிப் பெட்டியிலிருந்த ஒரே மென்பொருளை நம்பித்தான் இரண்டும் ஓடின. கண்ணுக்குப் புதிய பதிப்பு வேண்டும். காதுக்குப் பழையதுதான் ஒத்துப்போகும். பெட்டியிலோ ஒரு நேரத்தில் ஒரு பதிப்புதான் ஓடும். அதனால் பகலில் அவருக்குப் பார்வை, இவளுக்குக் கேட்காது. மாலையானால் இவளுக்குக் கேட்கும், அவருக்குக் கண் தெரியாது.

இரண்டு பதிப்பும் சேர்ந்து ஓடும் புதுப் பெட்டியை மகள் மாட்டிவிட்டாள்.

மதியச் சாப்பாட்டில் கோதண்டம் வழக்கம்போல முணுமுணுத்தார். “இதெல்லாம் ஒரு கொழம்பா?”

சுலோச்சனா, மாலைதோறும் செய்வதுபோல, அவர் முகத்துக்கு நேரே பழிப்புக் காட்டினாள்.

“தெனமும் இதத்தான் சொல்லிட்டிருந்தீங்களா?”

“நீ தெனமும் இதத்தான் செஞ்சிட்டிருந்தியா?”

இருவரும் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் பக்கம் திரும்பினார்கள்.

“அந்தப் பழைய பெட்டி எங்கம்மா?” என்று அவர் மகளைக் கேட்டு முடிப்பதற்குள், சுலோச்சனா அதைக் கையில் எடுத்திருந்தாள்.