அந்த சார் மாதிரி வருமா?

"அந்த சார் இப்படிச் சொல்லித் தர மாட்டார், டீச்சர்."

டீச்சரின் சாக்பீஸ் கரும்பலகையிலேயே நின்றுவிட்டது. பிரசவ விடுப்பு முடிந்து இன்றுதான் பள்ளிக்கூடம் திரும்பியிருந்தாள். பத்தாம் வகுப்புக்குள் நுழைந்து இன்னும் நாற்காலியில்கூட உட்காரவில்லை. அதற்குள் எத்தனை 'அந்த சார்'! விடுப்பில் அவள் இருந்தபோது இங்கிலீஷ் பாடம் எடுத்த தற்காலிக ஆசிரியர்தான் அந்த சார்.

"வேற எப்படிச் சொல்லித் தருவாராம்?"

முதல் பெஞ்சிலிருந்து 'கண்ணாடி' எழுந்தாள். மார்க்கிலும் முதல், வாயிலும் முதல்.

"ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸுக்கு நீங்க ரூல் எழுதிப் போடறீங்க. அவர் கதையா சொல்வார் டீச்சர். பூனை பாலைக் குடிச்சதுன்னா, பூனைதான் ஹீரோ. பால் பூனையால் குடிக்கப்பட்டதுன்னா, பால்தான் ஹீரோ. ஆனா பாவம், கதை முடியறதுக்குள்ள காலியாகிற ஹீரோ!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பூனையும் பாலும் அவளுடைய சொந்தச் சரக்கு. அதைச் சுட்டு, வெள்ளையடித்து, புது வீடு என்று விற்றிருக்கிறார் மனிதர்.

"சரி, உட்காரு. எல்லாரும் இங்க கவனிங்க."

"டீச்சர், நீங்க ஏன் ஆடிக்கிட்டே இருக்கீங்க?" கடைசி பெஞ்சிலிருந்து 'நெட்டை' கேட்டான்.

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. கையில் குழந்தை இல்லாமலேயே, தூங்க வைக்கும் தாளத்தில் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தாள். சட்டென்று நின்றாள்.

"தோள்ல சாக்பீஸ் பட்டிருக்கு டீச்சர்" என்றது இன்னொரு குரல்.

அது சாக்பீஸ் இல்லை. காலையில் பையன் கக்கிய பால். அவள் அவசரமாக முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

இந்தப் பாடத்தை ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த ஒரே மாணவன் தொட்டிலில் கிடந்தவன். பாதியிலேயே தூங்கிவிட்டான். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"பாப்பாவை இப்ப யார் டீச்சர் பாத்துக்கறாங்க?" கண்ணாடிதான் கேட்டாள்.

"ஒரு புது ஆள். இன்னிக்குத்தான் முதல் நாள்."

"நம்பிக்கையான ஆளா?"

"பேச்சு பலமாத்தான் இருக்கு. வேலை எப்படின்னு போகப் போகத்தான் தெரியும்."

வகுப்புக்கு வருமுன் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் போட்டிருந்தாள். 'அழறானா?' என்று கேட்டதற்கு, 'அழவே இல்ல, சிரிச்சுக்கிட்டு இருக்கான்' என்று பதில் வந்தது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சில் ஏதோ முள்ளாகக் குத்தியது. அங்கேயும் அவளை யாரும் தேடவில்லை. இங்கேயும் தேடவில்லை.

"டீச்சர், பாப்பாவுக்கு ஒரு தங்கச்சி வேணாமா?" நெட்டை பால் வடியும் முகத்தோடு கேட்டான். "தனியா வளர்ந்தா போரடிக்கும்ல?"

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. தங்கச்சி வந்தால் மறுபடி விடுப்பு. மறுபடி விடுப்பு என்றால் மறுபடி அந்த சார்!

"என் குடும்பத்து மேல உனக்கு எவ்வளவு அக்கறைடா!"

சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டாள். இனி பாடம் நடக்காது. இந்தப் பஞ்சாயத்தை முடித்தால்தான் பூனை பாலைக் குடிக்கும்.

"அப்படி என்னதான் இருக்கு அந்த சார்கிட்ட? எல்லாரும் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அணை உடைந்தது.

"கோபமே வராது டீச்சர்."

"எவ்வளவு கத்தினாலும் பதறவே மாட்டார். ஒரே ஒரு பார்வைதான். கிளாஸ் கப்சிப்!"

"சட்டை கசங்கி நான் பார்த்ததே இல்ல."

"எதைக் கேட்டாலும் டக்குனு பதில் வரும். அவருக்குத் தெரியாத விஷயம்னு உலகத்துல ஒண்ணுமே கிடையாது."

"ஒண்ணுமேவா?" என்றாள் டீச்சர்.

"ஒண்ணுமே!" என்றது வகுப்பு.

அவள் முகம் வாடியதைக் கண்ணாடி கவனித்துவிட்டாள் போல. குரலைத் தாழ்த்தி, "உங்களைப் பிடிக்கலைன்னு இல்ல டீச்சர். நீங்களும் நல்லாத்தான் நடத்தறீங்க. ஆனா... அந்த சார் மாதிரி வருமா?" என்றாள்.

ஆறுதல் சொல்வதாக அவளுக்கு நினைப்பு.

"ஒரே ஒரு நாள் அவரை வரச் சொல்லுங்க டீச்சர், ப்ளீஸ்" என்று கெஞ்சினான் நெட்டை.

"வர முடியாது. அவருக்கு வேற வேலை கிடைச்சிடுச்சு."

"பெரிய வேலையா?"

"ரொம்பப் பெரிய வேலை. லீவே கிடையாது."

வகுப்பு பெருமூச்சு விட்டது. அந்த அமைதியில் மேசைமேல் இருந்த அவளுடைய போன் அலறியது. வகுப்பில் போன் கூடாது என்பது விதி. கைக்குழந்தைக்காரி என்று தலைமை ஆசிரியை அவளுக்கு மட்டும் விலக்கு தந்திருந்தார். வீட்டிலிருந்துதான் அழைப்பு. பதறிப்போய் எடுத்ததில் விரல் ஸ்பீக்கர் பொத்தானில் பட்டுவிட்டது.

முதலில் குழந்தையின் வீறிடல். அதற்கு மேல், வகுப்பறை முழுக்க எதிரொலித்தது ஓர் ஆண் குரல்.

"ஏம்மா! இந்த டயபர்ல எது முன்பக்கம், எது பின்பக்கம்? எனக்கு ஒண்ணுமே புரியல! மூணு தடவை மாட்டிட்டேன், மூணு தடவையும் நம்ம பையன் என் சட்டையைத்தான் நனைச்சிருக்கான்!"

கண்ணாடியின் வாய் பிளந்தது. நெட்டை மெல்ல எழுந்தான். அடுத்த நொடி மொத்த வகுப்பும் எழுந்து நின்று, போனைப் பார்த்து ஒரே குரலில் சொன்னது:

"குட் மார்னிங், சார்!"