மூன்றடி தள்ளி

“வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். அந்தக் கட்டில்ல படுத்துக்குங்க.”

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பருத்த மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூச்சு வாங்கியது. சொல்லாமலே போய்ப் படுத்துக்கொண்டார். சால்தேன்யாப் பணியாரம் சுடும் கடைக்காரர் மாதிரி மாவு படிந்த ஏப்ரன். வேடம் பொருத்தமாகத்தான் இருந்தது.

வரவேற்றவர் டாக்டர் கசில்தா உரியோஸ்தே. சூக்ரே நகரில் இருபத்திரண்டு வருடமாக வயிறுகளைக் கீறித் தைத்தவர் அவர்; ஒரு நாளும் பயந்ததில்லை. இன்று பயந்தார். ஏனென்றால் இன்று அவருக்குப் பரீட்சை. வைத்தியம் பார்ப்பதில் அல்ல, மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதில்.

ஏற்கெனவே இரண்டு முறை தோற்றாயிற்று. முதல் தடவை மாணவன் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டார். அடுத்த தடவை, தான் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொல்லிவிட்டார். இன்றும் தோற்றால் அவருடைய வார்டுக்கு மாணவர்களே வர மாட்டார்கள். மாணவர் வராத வார்டைப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் அவரிடம் விட்டுவைப்பார்கள்?

பின்வரிசையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்த டாக்டர் செர்வாந்தோ சிரித்தார். “விதி ஞாபகம் இருக்குல்ல கசில்தா? கட்டில்லேருந்து மூணடி தள்ளி நிக்கணும். கை ரெண்டும் முதுகுக்குப் பின்னாடி. கேக்கலாம், சொல்லக் கூடாது. போன தடவை மாதிரி நீங்களே பாடம் ஒப்பிச்சுடாதீங்க!”

நோயாளியாக நடிக்க நாடகக் குழுவிலிருந்து ஆள் கேட்டிருந்தார்கள். குடல்வால் வீங்கிய வயிற்றுவலி வேடம். மூன்றாம் ஆண்டு மாணவி நயிரா கட்டிலை நெருங்கினாள்.

“எங்க வலிக்குது ஐயா?”

“இங்க… தாடை வரைக்கும்…” அவர் கை நெஞ்சுக்குப் போனது.

கசில்தா பதறினார். போச்சு! ஆள் வசனத்தை மறந்துவிட்டார். ராத்தூக்கம் கெட்டுத் தயாரித்த கேள்விகள் முழுக்க வயிற்றைப் பற்றியவை. திரும்பிப் பார்த்தார். செர்வாந்தோ உதட்டைப் பிதுக்கி, ‘சமாளியுங்கள்’ என்பதுபோல் தலையை ஆட்டினார்.

“நீ… நீ என்ன நினைக்கிற நயிரா?”

“கை சில்லுனு இருக்கு டாக்டர். சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு.”

படுத்திருந்தவர் அவள் மணிக்கட்டைப் பற்றினார். “மகளே… விட்டுடாதே…”

மிகைநடிப்பு வேறு! கசில்தாவுக்கு அழுகை வரும்போலிருந்தது. “அதனால? மேலே சொல்லு.”

“மாரடைப்புன்னு தோணுது.” நயிராவின் குரல் உடைந்தது. “எனக்குப் பயமா இருக்கு டாக்டர்.”

‘எனக்கும்தான்டி’ என்று வந்த வார்த்தையைக் கசில்தா விழுங்கிக்கொண்டார். “சரி. அப்படின்னா என்ன செய்வே?”

“செய்வேனா? இப்பவே செய்யணும் டாக்டர்!” நயிரா கதவைத் திறந்து தாழ்வாரமே அதிரக் கத்தினாள். “ஸ்ட்ரெச்சர்! யாராவது ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க!”

ஓடிப்போய் அவளைப் பிடித்து நிறுத்தக் கசில்தாவின் கால்கள் துடித்தன. ஒரு நாடகக்காரரை அவசரப் பிரிவில் கொண்டுபோய்ப் போட்டால் ஆஸ்பத்திரியே கைகொட்டிச் சிரிக்கும். ஆனால் நிறுத்தினால் மூன்றாவது தோல்வி. முதுகுக்குப் பின்னால் ஒரு கை மறு கையை நகம் பதிய இறுக்கியது. மூன்றடி தள்ளியே நின்றார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. போனது. நயிராவும் கூடவே ஓடினாள்.

“பொண்ணு கொஞ்சம் ஓவர்தான்” என்றார் செர்வாந்தோ. “ஆளும் கதையையே மாத்திட்டாரு. ஆனா நீங்க வாயைத் திறக்கல, கையை நீட்டல. நானா இருந்தா அவளை உக்கார வெச்சிருப்பேன்.”

அது பாராட்டா பரிகாசமா என்று கசில்தாவுக்கு விளங்கவில்லை. செர்வாந்தோ குறைநிறைகளை வரிவரியாக அலசி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அப்போது நயிரா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

“பொழச்சுட்டாரு டாக்டர்! மருந்து ஏத்தினதும் அடைப்பு விட்டுடுச்சாம். பத்து நிமிஷம் பிந்தியிருந்தா அவ்வளவுதான்னு சொல்றாங்க.”

“போதும்மா, நாடகம் எப்பவோ முடிஞ்சாச்சு” என்றார் கசில்தா சலிப்போடு. “போய் அந்த நடிகரைக் கூட்டிட்டு வா. வந்ததுக்குக் கையெழுத்துப் போடணும்.”

நயிரா ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தாள்.

திறந்திருந்த கதவை யாரோ தட்டினார்கள். தோளில் பையோடு, வேர்க்க விறுவிறுக்க, ஒல்லியான இளைஞன் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

“மன்னிச்சுக்குங்க டாக்டர், மறியல்ல பஸ் மாட்டிக்கிச்சு. வயித்துவலிக்காரன் நான்தான்!”