கேபிள் இல்லாத வீடு

"இனிமே வீடோ ஆபீசோ, எங்கயும் ஒயரே இருக்காது மேடம். எல்லாம் காத்துலயே வந்துடும்" என்றான் உமேஷ். பொம்மனஹள்ளி கம்ப்யூட்டர் கடையிலிருந்து வயர்லெஸ் ரவுட்டர் மாட்ட வந்திருந்தான்.

"ஹால்ல உட்கார்ந்தாலும் கிடைக்குமா?" என்று கேட்டாள் இளவேனில்.

"எங்க உட்கார்ந்தாலும் கிடைக்கும்."

அவளுக்கு அது போதும். கல்யாண நாளுக்காக அவளே தேடிப்போய் வாங்கிய ரவுட்டர் அது. ஆபீஸிலிருந்து வந்தால் அவள் கணவன் பரத் நேராக உள்ளறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்துவிடுவான். ஹாலில் இருந்த மோடத்திலிருந்து அவன் மேஜை வரைக்கும் கேபிள் ஓடியது. "கொஞ்சம் இங்க வந்து உட்காருங்களேன்" என்று கூப்பிட்டால், "கேபிள் இங்கதானே வருது, நான் என்ன பண்றது?" என்பான்.

"ஆயித்து மேடம், முடிஞ்சுது. பழைய கேபிளைக் கழட்டிடவா?"

"முதல்ல அதைக் கழட்டுங்க."

உமேஷ் போனதும் பரத் உள்ளறையிலிருந்து லேப்டாப்போடு ஹாலுக்கு வந்தான். இளவேனில் சோபாவில் நகர்ந்து இடம் விட்டாள். அவன் நின்றபடியே திரையைப் பார்த்தான்.

"சிக்னல் ஃபுல்லா இருக்கு. நல்ல வேலை பண்ணே இளா" என்று சிரித்துவிட்டு உள்ளே திரும்பிப் போனான்.

கேபிள் நிலைப்படியில் குறுக்கே கிடந்தவரை அந்த அறைக் கதவு முழுதாகச் சாத்தாது. நாலு விரல் இடுக்கு இருக்கும். அவள் குரல் அவனுக்குக் கேட்டதெல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான்.

இப்போது கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.